மதினியின் பூச்சட்டிப் பெட்டி

மதினி,

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு பட்டாசுக் கம்பெனிக்கு நடந்து போனேன். வேண்டுமென்று இல்லை. இன்னொரு செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. நாரணாபுரத்தில் நம் தெருவிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் இருபது நிமிட நடை என்பது உங்களுக்குத் தெரியும். பாதி தூரம் சரளைக் கல், மீதி தூரம் கருவேல முள். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால் என்று அத்தனையையும் மிதித்துப் போயிருக்கிறேன். மருந்து ரூமுக்குள் செருப்பு ஆகாது என்று எல்லோரும் கழற்றிப் போடுகிற இடத்தில் நானும் பழக்கத்தில் குனிந்து ஒன்றைக் கழற்றினேன். அடுத்ததைக் கழற்றப் போனால் அங்கே கால்தான் இருந்தது.

“என்ன பேச்சியம்மா, இன்னொண்ண எங்கன விட்டே?” என்று வாட்ச்மேன் கேட்டார்.

“வீட்டுக்காரருக்கு விட்டுட்டு வந்தேன் அண்ணாச்சி. ஆளுக்கு ஒண்ணு. இருக்கிறத பங்கு போட்டுத்தான வாழணும்” என்றேன்.

கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புச் சத்தம் கூடும். அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் அங்கே நின்றிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். “ஏட்டி, கால நீட்டு” என்றிருப்பீர்கள். யாரும் பார்க்காதபோது நானே ஓரமாகப் போய்க் காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு முள் முழுசாக ஏறியிருந்தது. ஏறியதும் எனக்குத் தெரியவில்லை. பிடுங்கியபோதும் தெரியவில்லை.

அந்த ஒற்றைச் செருப்பை நான் எறியவில்லை. இதை எழுதும்போது எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. “எவளாவது செருப்பச் சுவத்துல மாட்டுவாளா?” என்று நீங்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். “நம்ம கல்யாண போட்டோவுக்குப் பக்கத்துல எடுப்பா இருக்குல்ல” என்று நானும் தினமும் சொல்கிறேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் பதறுகிற ஆள் என்பதால் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். கால் தரையில் பாவுகிறது. கை பழைய கைதான். ஆனால் இடையில் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எதிரெதிர் வீட்டிலிருந்து போய் நாம் இருவரும் பூச்சட்டிக்கு மருந்து அடைத்த ரூம் நினைவிருக்கும். நான்கு பேர் உட்காரும் ரூம். அடுத்த ரூம் தள்ளித்தான் இருக்கும். ஒன்றில் தீ என்றால் இன்னொன்றுக்குத் தாவக்கூடாது என்று இடைவெளி விட்டுக் கட்டியது. கூம்புக் காகிதக் கூட்டில் மருந்தை அடைத்து அடைத்து, சாயங்காலம் எழும்போது நம் நான்கு பேருக்கும் முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் ஏறி, கோயில் உற்சவர் மாதிரி மினுமினுவென்று இருப்போம்.

அந்த ரூமில்தான் உங்கள் கழுத்து வீங்குவதை முதலில் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேனா?

“மதினி, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம சங்கிலி வாங்கி, ஒளிச்சு வைக்க இடமில்லாம முழுங்கிட்டீகளா?”

“ஆமாட்டி. அஞ்சு பவுனு. வெளிய வந்ததும் உனக்குத்தான் தாரேன்.”

சித்திரை வெயிலில் ஊரே வேகும்போது நீங்கள் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு வருவீர்கள். ‘ஊட்டி மதினி’ என்று பேர் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கையில் சோற்று உருண்டையோடு தூங்கிப் போவீர்கள். போர்மேன் “அக்கா, இது கம்பெனியா, வீடா?” என்று சத்தம் போடுவார். பிறகுதான் தைராய்டு என்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரே வருஷத்தில் என் கழுத்தும் புடைத்து, எனக்கும் அதே மாத்திரை எழுதினார்கள். மூன்று நாள் விடாமல் சிரித்தீர்கள். “எஞ்சங்கிலியத் திருடுனவ நீதானா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தீர்கள். வயதில் மூத்த மதினி சிரிக்கிறாள், வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று நானும் இருந்தேன். என் ஆயுளில் நான் வாய் மூடி இருந்த மூன்று நாள் அவைதான்.

அப்புறம் வந்தது அந்த வெள்ளை. சாயங்காலம் குழாயடியில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அதன் மேல் சோப்புப் போட்டு, நாரால் உரசி நாம் எல்லோரும் அலுமினியத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். உங்கள் வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் போகவில்லை.

“கைய இங்கன குடுங்க மதினி. கழுவத் தெரியுதா உங்களுக்கு?”

நாரை வைத்து நான் உரசிய உரசலில் சுற்றிலும் சிவந்துவிட்டது. நடுவில் வெள்ளை அப்படியே இருந்தது.

“வலிக்குதுட்டி.”

“பெறவு? கொஞ்சுனா போகுமா?”

மூன்று சாயங்காலம் உரசினேன். நான்காம் நாள் உங்கள் உதட்டு ஓரத்திலும் ஒரு பொட்டு வெள்ளை தெரிந்தது. “மருந்த வாயிலயா அடைச்சீக?” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு அப்போதே புரிந்திருந்தது. பூசியதைக் கழுவிக்கொண்டிருக்கவில்லை, உங்கள் தோலைத்தான் நான் உரித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் புரியவில்லை. இந்த ஊரைத் தவிர வேறு எங்கேயும் ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, மதியம் வேப்பமரத்தடியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நானும் போனேன். பல் வலி என்று சொல்லிவிட்டு, கம்பெனிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு நாள் தயிர்ச்சோறு தின்றேன். மூன்றாம் நாள் உங்கள் வாளியைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசனை மரத்தைச் சுற்றி வந்து என் மூக்கில் ஏறியது. எழுந்து வந்துவிட்டேன்.

“விரதம் முடிஞ்சதா?” என்று மட்டும் கேட்டீர்கள். பெரிய துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினீர்கள். அது ஒட்டாது என்று டாக்டர் சொல்லி நான் திரும்பி வரவில்லை மதினி. என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது கருவாடு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த அன்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பாருங்கள், மறந்திருக்கிறேனா என்று.

“நம்ம உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கானாம்ட்டி. வெளியில இருந்து கிருமி வந்தா அடிச்சு வெரட்டணும். அதான் அவன் வேலை. எனக்கு அவன் ஆள் தெரியாம, உள்ள வேலை பாக்கிறவுகளையே அடிக்கிறானாம். முதல்ல கழுத்துல இருக்கிறவள அடிச்சான். இப்ப தோலுக்கு நெறம் குடுக்கிறவள அடிக்கிறான். வந்தது ரெண்டு நோவுன்னாலும் அடிக்கிறவன் ஒருத்தன்தான்.”

“நம்ம கேட்டு அண்ணாச்சி மாதிரி கண்ணு தெரியாத ஆளா மதினி?”

“சிரிக்காத. ஒரு ரூம்ல அடிச்சுப் பழகுனவன் அடுத்த ரூமுக்கும் போவானாம். எல்லாருக்கும் போக மாட்டான். போனா நாமதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். எதுக்கு ஆஸ்பத்திரி போனாலும் எல்லாத்தையும் சொல்லு. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

“எனக்கு ஒரு ரூமே போதும், நீங்க நாலு ரூமா வச்சு ஆளுங்க” என்றேன்.

அன்றிலிருந்து ஒரு காலிப் பூச்சட்டிப் பெட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி, எங்கே போனாலும் கையோடு கொண்டு போவீர்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் பெட்டியைத் திறந்து, தைராய்டிலிருந்து ஆரம்பித்தீர்களே! துணைக்கு வந்த நான் கூசிப் போனேன். “பல்லு வலிக்குன்னு சொன்னாப் பத்தாதா மதினி? பொறந்த கதையெல்லாம் எதுக்கு?” என்றேன்.

“பல்லு எதிர்வீட்டுக்காரி வாயிலயா இருக்கு? என் வாயிலதான இருக்கு?” என்றீர்கள். பல் டாக்டர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். எனக்குத்தான் மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு அந்த ஐப்பசிக் காய்ச்சல். எட்டே நாள். தெருவில் நாலைந்து பேருக்கு வந்தது, உங்களை மட்டும் கொண்டுபோனது. கொசுவால் வந்த காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததைத் தெரு நம்பவில்லை. “வெள்ளை உள்ளுக்கு எறங்கிருச்சு” என்றார்கள். நானும் நம்பினேன். உங்களைக் குளிப்பாட்டும்போது எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் மணிக்கட்டைப் பார்த்து அழுதேன். நான் உரசி உரசி உள்ளே தள்ளிவிட்டேனோ என்று ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு கழிந்ததும் உங்கள் மகள் செல்வி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். “தூக்கிப் போட மனசு வரல அத்தை. நீங்க வச்சுக்கோங்க.” வாங்கிப் பரணில் போட்டேன். திறக்கவில்லை. எனக்கும்தான் கழுத்து ரூமில் அடி விழுந்திருக்கிறது. அடுத்து எந்த ரூம் என்று அந்தப் பெட்டி என்னைக் கேட்கிற மாதிரியே இருக்கும்.

உங்கள் இடத்துக்குச் செல்வியே வேலைக்கு வந்தாள். அதே ரூம், எனக்கு நேர் எதிரே. உங்களை மாதிரியே நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மருந்து அடைக்கிறாள்.

போன சித்திரையில் எனக்கு நாக்கில் ஆரம்பித்தது. செக்கச்செவேலென்று வழுவழுவென்று ஆகி, காரச் சேவு பக்கமே போக முடியவில்லை. சாத்தூர்ச் சேவு இல்லாமல் நான் ஒரு நாள் இருந்ததுண்டா? “நாக்கு வெந்தாலாவது பேச்சு குறையும்னு பாத்தேன்” என்று உங்கள் அண்ணன் வருத்தப்பட்டார். அப்புறம் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அப்புறம் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி. எறும்பு மெதுவாகக் கணுக்காலுக்கு வந்தது, கை விரல்களுக்கும் வந்தது. ஒருநாள் எறும்பும் நின்றுபோய் வெறும் மரக்கட்டை ஆனது.

நாக்குக்கு ஒரு டாக்டரிடம் போனேன். வயிற்றுச் சூடு என்றார். மூச்சுக்கு ஒருவர், ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார். காலுக்கு இன்னொருவர், சர்க்கரை பார்த்தார், இல்லை. “வேற ஏதும் நோவு இருக்காம்மா?” என்று அவர் கேட்கத்தான் செய்தார். “ஒண்ணுமில்ல சார், கல்லு மாதிரி இருக்கேன்” என்றேன். தினமும் காலையில் தைராய்டு மாத்திரையை விழுங்குகிறவள் சொல்கிற பேச்சா இது? இருபது வருஷம் இடைவெளி விட்டுக் கட்டிய ரூம்களுக்குள்ளேயே இருந்ததால், உடம்பையும் அப்படித்தான் கட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கழுத்து ஒரு ரூம், கால் ஒரு ரூம், நாக்கு ஒரு ரூம். ஒன்றில் நடப்பதை இன்னொன்றில் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? இது பாதிதான் உண்மை. மீதி உண்மை, சொன்னால் உங்கள் கதை எனக்கும் ஆரம்பித்துவிடும் என்கிற பயம்.

ஆடி மாதம், சீசன் வேலை முறுக்கமாக ஓடிக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்து மருந்துக் கிண்ணம் நழுவியது. பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் கை தனியாக இருக்கிறது, கிண்ணம் ரப்பர் விரிப்பில் கவிழ்ந்து கிடக்கிறது. செல்வியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி அவ்வளவு மருந்தும் கொட்டியிருக்கிறது. கிண்ணம் உரசி ஒரு பொறி வந்திருந்தால் நான்கு பேரும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. கைதவறுதல் என்று நினைத்து, செல்வி மெதுவாகத் துடைத்து எடுத்து, “என்ன அத்தை, எம்மேல கோவம்னா வாயில சொல்லுங்க, மருந்த எதுக்குக் கொட்டுறீக?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ரொம்பச் சத்தமாக.

அன்று சாயங்காலமே போர்மேனிடம் போய், முழங்கால் மடக்க முடியவில்லை, வெளியே லேபிள் ஒட்டுகிற இடத்தில் போடுங்கள் என்றேன். விரல் மரத்துப் போனதைச் சொல்லவில்லை. ஆனால் மதினி, மரத்த கையை வைத்துக்கொண்டு உங்கள் மகளுக்கு எதிரே இனி ஒருநாளும் உட்கார மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். செல்வி தப்பாக எடுத்துக்கொண்டாள். சும்மா சொன்ன கோபம் நிஜம்தான் போல என்று ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மதினியின் மகளும் போனாள், வேலையும் போனது, காலும் போகப் போகிறது, கடைசியில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க ஒரு ஆள் தேட வேண்டும் என்கிற நினைப்போடு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் செருப்புக் கழன்றது.

அன்று அரை நாளோடு வீட்டுக்கு வந்தேன். பரணில் கிடந்த பெட்டியை இறக்கினேன். மேலேயே ஒரு தாள் இருந்தது, லேபிள் தாளின் பின்பக்கத்தில் செல்வியின் கையெழுத்து. நாலாங்கிளாஸோடு நின்ற எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆனாலும் படித்துவிட்டேன். தைராய்டு, மாத்திரை வெறும் வயிற்றில். வெண்புள்ளி, கை, உதடு, முழங்கால். சர்க்கரை இல்லை. பல் ஒன்று பிடுங்கியது. அதற்குக் கீழே: எதிர்வீட்டுப் பேச்சிக்குத் தைராய்டு மட்டும். இப்போதைக்கு.

செல்வி வேலை முடிந்து வந்ததும் தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

“என்னட்டி இது? உங்கம்மா சீட்டுல எம்பேரு எதுக்கு?”

“அம்மா சொன்னதத்தான் எழுதுனேன் அத்தை. ‘அவ வாய் ஊருக்கு ஊரு பேசும், தன்னப் பத்தி ஒரு வார்த்த டாக்டருட்டச் சொல்ல மாட்டா, பயந்தாங்கொள்ளி. அவளுக்கும் சேத்து நாமதான் சொல்லணும்’னு அம்மா சொல்லும்” என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். “உங்களுக்கு என்ன செய்யுது அத்தை?”

சொல்லிவிட்டேன். நாக்கு, மூச்சு, கால், கை, கிண்ணம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில். கிண்ணத்தைச் சொன்னபோது அவள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “அப்ப எம்மேல கோவமில்லையா?” என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா சின்ன வயசு. நான் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். ‘தைராய்டு’ என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு முனை உள்ள ஒரு இரும்பைத் தட்டிவிட்டுக் கணுக்காலில் வைத்து, “அதிருதா?” என்றார். “எதும்மா?” என்றேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணைத் திறந்தபோது செல்வியின் தோளில் கிடந்தேன்.

ரத்தம் எடுத்து, முடிவு வந்த அன்று டாக்டரம்மா சொன்னார்: “சாப்பாட்டுல இருக்கிற பி-டுவெல் சத்த உடம்புக்குள்ள எடுத்துக்கிறதுக்கு வயித்துல ஒரு பொருள் சுரக்கணும்மா. உங்களுக்கு அது சுரக்கல. அதைச் சுரக்கிற இடத்த உங்க உடம்பே...”

“வாட்ச்மேன் அடிச்சுப் போட்டானா?” என்றேன்.

அவர் விழித்தார். செல்வி உங்கள் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, “இதவிட நல்லா என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். அடி எல்லாம் ஒரே கையால்தான் என்றார். கழுத்தில் இந்த மாதிரி தைராய்டு வந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட வெண்புள்ளியோ, இந்த வயிற்றுக் கோளாறோ, வேறு சிலதோ சேர்ந்து வரக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், எல்லோருக்கும் வரும் என்று இல்லை, அதனால்தான் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் மதுரையிலிருந்து கொண்டுவந்து சொன்ன அதே பேச்சு. அன்றைக்குக் காசில்லாமல் கிடைத்ததை நான் கேட்டிருந்தால் என் செருப்பு மிஞ்சியிருக்கும்.

“கால் போயிருமாம்மா?”

“இன்னும் விட்டிருந்தா சிரமம். இப்ப ஊசி போட்டாக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். முதல்ல அடிக்கடி, அப்புறம் மாசாமாசம். நிறுத்தக் கூடாது.”

அந்த நேரத்தில்தான் மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்ததை வெளியே எடுத்தேன். “எங்க மதினிக்கு வெள்ளை உள்ள எறங்கித்தான் செத்துப்போனாகளா? நான் நாரப் போட்டு உரசினேன்மா.”

டாக்டரம்மா உங்கள் பெட்டியிலிருந்த காய்ச்சல் சீட்டைப் படித்தார். ஒவ்வொரு தாளாகப் படித்தார். “வெண்புள்ளி உள்ள எறங்காதும்மா. அதனால யாரும் சாகிறதில்ல. தைராய்டையும் அவங்க ஒழுங்காத்தான் பாத்திருக்காங்க. இது டெங்குக் காய்ச்சல், அது வேற. நீங்க உரசுனதால வெள்ளை வந்துறல. ஆனா இனி யாருக்கும் அப்படி உரசாதீங்க” என்றார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்களைக் கொன்றது வெள்ளை இல்லை, என் நாரும் இல்லை, ஒரு கொசு. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் சந்தோஷமாக இருந்தது மதினி. நெஞ்சில் யாரோ ஏற்றி வைத்த லோடை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. செல்வி டீயை நீட்டினாள். வாங்கும்போதே பாதி சேலையில் கொட்டியது. சூடு தெரியவில்லை. அது தெரியாததற்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு சத்தமாக வரவில்லை.

முதலில் நாக்கு திரும்பியது. சேவுப் பொட்டலத்தோடு நான் உட்கார்ந்ததைப் பார்த்து உங்கள் அண்ணன் பெருமூச்சு விட்டார். தீபாவளி தாண்டிக் கை திரும்பியது. கையைச் சோதிக்க அவரையே வாத்தியாராக வைத்தேன். நான் கண்ணைக் கட்டிக்கொள்வேன், அவர் என் விரலுக்கு நடுவே ஏதாவது ஒன்றை வைப்பார்.

“கடுகு.”

“சரி.”

“கேப்பை.”

“சரி.”

“இது... கொஞ்சம் நீளமா இருக்கே. கருஞ்சீரகமா?”

“எலிப் புழுக்க.”

கை தேறிவிட்டது, மூக்குக்குத்தான் இனி ஊசி போட வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் ஒழுங்காக எழுதாதவள் இதில் தேறினேன். டாக்டரம்மாவும் சோதித்துப் பார்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைப் போர்மேன் இரண்டு தரம் படித்துவிட்டு, தை மாதம் என்னைப் பழைய ரூமுக்குள் விட்டார். இப்போது மறுபடியும் செல்விக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கத்தில் இருக்கிறது. எழும்போது எழட்டும்.

செல்வியின் கழுத்தையும் பார்த்தாகிவிட்டது. ரத்தமும் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. ‘இப்போதைக்கு’ என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

உங்கள் பெட்டி இப்போது என்னிடம்தான். உங்கள் சீட்டுகளுக்கு மேல் என் சீட்டுகள். ரப்பர் பேண்டு புதுசு. கண்ணாடிக்காரரிடம் போனால்கூடக் கழுத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கண் எதிர்வீட்டுக்காரி முகத்திலா இருக்கிறது? நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்களைப் பார்த்து நான் சிரித்ததை எல்லாம் கழிக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

போன வாரம் மாச ஊசிக்குச் செல்வி இல்லாமல் தனியாகவே போனேன். டாக்டரம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கிப் பையில் வைத்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடது காலில் பழையபடி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கணுக்கால் வரைக்கும் வந்தது. உள்ளே கூப்பிட்டதும் நீங்கள் சொல்லித் தந்தபடி எதையும் மறைக்கவில்லை. தைராய்டு எத்தனை வருஷம், பி-டுவெல் ஊசி எத்தனையாவது, இன்றைக்கு அரை மணி நேரமாக எறும்பு ஊர்வது மறுபடி ஆரம்பித்திருக்கிறது, இந்தத் தரம் ஏறுவது வேகமாக இருக்கிறது, நடுநடுவே சுருக்கென்று குத்துகிறது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டாக்டரம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டு, அந்த இரும்பை எடுத்துக்கொண்டு, குனிந்து என் காலைப் பார்த்தார்.

எறும்புதான். பையிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. மிட்டாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கடித்த இடத்துக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டையும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.